பெரிலிப்பின் 1 ஆன்டிபாடி: பேண்ட் மேலே நிற்கிறது, செல்லில் வளையம் இல்லை

கேள்வி:
3டி3-எல்1 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் சுண்டெலிச் செல் வகை) கொழுப்புச் செல்களாக மாற்றி, கொழுப்புத் துளியின் மேல் ஒட்டியிருக்கும் பெரிலிப்பின் 1 புரதத்தைப் பார்ப்பதற்காக முயலில் செய்த பாலிகுளோனல் ஆன்டிபாடி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். வெஸ்டர்ன் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தைப் பேண்டாகப் பார்ப்பது), இம்யூனோஃப்ளோரசன்ஸ் (செல்லுக்குள்ளேயே ஒளிரவைத்துப் பார்ப்பது) இரண்டுக்கும் ஆகும் என்று தகவல்தாளில் போட்டிருக்கிறது. கணக்குப்படி சுண்டெலிப் புரதத்தின் எடை 56 கிலோடால்டன் பக்கம் வர வேண்டும், எனக்கு பேண்ட் 62க்கு அருகில் நிற்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம், செல்லில் பார்த்தால்தான் தலைவலி: கொழுப்புத் துளியைச் சுற்றி அழகான வளையம் தெரியும் என்று எல்லாப் படங்களிலும் காட்டுகிறார்கள், எனக்கு செல் முழுக்க மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. 4% பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து, சவ்வில் ஓட்டை போட 0.5% ட்ரைட்டான் எக்ஸ்-100 போட்டு, பிறகு ஆன்டிபாடி, கடைசியில் கொழுப்பைக் காட்டும் சாயமான போடிப்பி 493/503. ஆன்டிபாடி மோசமா, வேறு கம்பெனியுடையதை வாங்க வேண்டுமா?

பதில் 1 (துளிவேட்டை):
வாங்காதீர்கள், பொறுங்கள். 62 சரியான இடம்தான். பெரிலிப்பின் 1 ஜெல்லில் எப்போதுமே கணக்கைவிட மேலே ஓடும், தகவல்தாளிலேயே 'எதிர்பார்க்கும் எடை', 'காணும் எடை' என்று இரண்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புரதத்தில் பிகேஏ என்சைம் பாஸ்பேட் ஏற்றுவதற்குப் பல இடங்கள் உண்டு, சுண்டெலியில் 6. ஐசோபுரோட்டெரினாலோ ஃபார்ஸ்கோலினோ கொடுத்துக் கொழுப்புச் சிதைவைத் தூண்டினால் பேண்ட் இன்னும் கொஞ்சம் மேலே நகரும். அப்படி நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது பெரிலிப்பின்தான் என்பதற்கு அதுவும் ஒரு நல்ல சாட்சி.

வளையம் காணாமல் போனதற்கு என் சந்தேகமெல்லாம் ட்ரைட்டான் மேல்தான். சாதாரண செல் சவ்வில் லிப்பிடு இரண்டு அடுக்கு, கொழுப்புத் துளியின் மேல் ஒரே அடுக்கு. ட்ரைட்டான் அந்த அடுக்கையே கரைத்து, துளியை உருக்குலைத்து, மேலே ஒட்டியிருக்கும் புரதத்தை இடம் மாற்றிவிடும். பாராஃபார்மால்டிஹைட் புரதங்களைத்தான் பிணைக்கும், கொழுப்பை நிறுத்தி வைக்காது. அதனால் சவ்வில் மென்மையாக ஓட்டை போடும் 0.1% சப்போனினுக்கு மாறுங்கள். ஒரு விஷயம், சப்போனின் போட்ட ஓட்டை நிரந்தரமில்லை, கழுவினால் மூடிக்கொள்ளும், எனவே பிளாக்கிங், முதல் ஆன்டிபாடி, அதைப் பிடித்து ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி, நடுவில் கழுவும் பஃபர் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். இதைப் பாதியில் விட்டுவிட்டு சப்போனின் வேலை செய்யவில்லை என்று எழுதுபவர்கள் நிறைய. மெத்தனால், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடும்.

பதில் 2 (வெறும்பஃபர்):
மேலே சொன்னது சரி, ஆனால் ஆன்டிபாடியை அவ்வளவு சீக்கிரம் விடுதலை செய்ய எனக்கு மனசில்லை. தகவல்தாளில் 'சோதிக்கப்பட்டது' என்று இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. புரதத்தின் எந்தத் துண்டைக் கொண்டு ஆன்டிபாடியைத் தயாரித்தார்கள் என்று முதலில் பாருங்கள். புரதத்தின் முன்முனைப் பகுதி பெரிலிப்பின் 2, 3-உடன் ஒத்துப்போகும், அங்கே பிடிக்கும் ஆன்டிபாடி பக்கத்து வீட்டுக்காரர்களையும் பிடிக்க வாய்ப்புண்டு. பின்முனைக்கு எதிராகச் செய்தது என்றால் அந்தக் கவலை குறைவு, ஆனால் முழு நீள ஏ வடிவம் மட்டுமே தெரியும், குட்டை வடிவங்கள் தெரியாது.

உங்களிடம் இலவசமாகவே ஒரு நெகட்டிவ் கன்ட்ரோல் இருக்கிறது: மாற்றாத 3டி3-எல்1. அதில் பெரிலிப்பின் 1 இருக்கக் கூடாது, சின்னச் சின்னத் துளிகளில் இருப்பது பெரிலிப்பின் 2. மாற்றாத செல்லிலும் அதே பேண்ட் வந்தால் அப்போது ஆன்டிபாடியைத் திட்டலாம். முடிந்தால் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து ஜீனை அடக்கிய செல்லையும் ஓட்டுங்கள், அதைவிட நம்பகமானது ஜீனையே நீக்கிய செல்.

அப்புறம், இரண்டாவது ஆன்டிபாடியின் நிறம் என்ன? போடிப்பி 493/503 பச்சை. அதுவும் பச்சையென்றால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்டவர்:
இரண்டாவது ஆன்டிபாடி சிவப்பு, அதில் பிரச்சினை இல்லை. மாற்றாத செல்லில் பேண்ட் சுத்தமாக இல்லை. பின்முனைப் பெப்டைடுக்கு எதிராகச் செய்ததாம். ஆனால் இன்னொன்று: மாற்றிய செல்லிலும் பேண்ட் ஒரு தடவை கனமாக, ஒரு தடவை மெலிதாக வருகிறது, செல்லில் கொழுப்பு நிறைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

பதில் 3 (மேலடுக்கு):
லைசேட்டை (செல்லை உடைத்து எடுத்த கரைசல்) குளிரில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே உறையும் வெள்ளை ஏட்டைத் தள்ளிவிட்டு, கீழே உள்ள தெளிவான திரவத்தை மட்டும் எடுக்கிறீர்களா? மற்ற புரதங்களுக்கு அது நல்ல பழக்கம். இங்கே நீங்கள் தேடும் புரதம் அந்த ஏட்டோடுதான் ஒட்டிக்கொண்டு மிதக்கிறது. எவ்வளவு ஏடு போனது என்பதைப் பொறுத்து பேண்ட் கூடும், குறையும். பஃபரில் 1 அல்லது 2% எஸ்டிஎஸ் (வலுவான டிடர்ஜென்ட்) சேர்த்து, அறை வெப்பத்தில் நன்றாகக் கலக்கி, கொஞ்சம் சூடாக்கிப் பிறகு சுற்றுங்கள், புரதம் கொழுப்பை விட்டுக் கீழே வந்துவிடும். புரத அளவு பார்க்க பிசிஏ முறை, பிராட்ஃபோர்டு அவ்வளவு எஸ்டிஎஸ்ஸைத் தாங்காது. ஒப்பீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் ஆக்டின் புரதத்தை நம்ப வேண்டாம், செல் மாறும்போது அதுவும் குறைகிறது. பொன்சோ சாயம் போட்டு மொத்தப் புரதத்தைப் பார்ப்பது மேல்.

கொழுப்பு ஏறிய செல்கள் கவர்ஸ்லிப்பிலிருந்து சுலபமாகக் கழன்று போகும், சப்போனின் பஃபரை ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள்.