டெலஹே 135: லாரி என்ஜின் போட்ட வண்டி எப்படிச் சொகுசுக் கார் ஆனது?

தண்டையார்பேட்டை மாணவன்:
பாலிடெக்னிக் கண்காட்சிக்காக 1930களின் பிரெஞ்சுக் கார் ஒன்றின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மாடல் செய்கிறேன். டெலஹே 135-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதன் என்ஜின் லாரி என்ஜினிலிருந்து வந்தது என்று படித்ததும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பணக்காரர்கள் இதற்கா அவ்வளவு பணம் கொடுத்தார்கள்? இன்னொன்று: ஸ்டியரிங் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு கியர் லீவர் தெரிகிறது. அது எப்படி வேலை செய்கிறது?

எண்ணூர் ஃபிட்டர்:
தம்பி, "லாரி என்ஜின்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் உத்தியோக காலம் கழிந்தது. கேலி செய்கிறவர்களை இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். 1935-இல் வந்த முதல் 135-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 107 மி.மீ.; ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 3,227 சி.சி. அடுத்து வந்த பெரிய என்ஜினில் ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை. போரை மட்டும் 84 ஆக்கினார்கள், 3,557 சி.சி. வந்துவிட்டது. சிலிண்டர் சுவரில் அவ்வளவு இடம் விட்டு வார்ப்பவன் லாரிக்காரன்தான்.

ஸ்ட்ரோக் நீளம் என்பதால் வேகமாகச் சுற்றவிட முடியாது. நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 14 மீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும், மேட்டில் அடிக்கடி கியரை மாற்ற வேண்டியதில்லை. வால்வு மூடியைத் திறந்தால் வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடும் ராக்கரும்தான். ஃபீலர் கேஜ், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பார்த்துவிடலாம். அதே காலத்து புகாட்டி 57-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு சிலிண்டர், வால்வுகளைத் திறக்க இரட்டை கேம் ஷாஃப்ட், கண்கொள்ளாத வேலைப்பாடு. ஆனால் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. வால்வு தேய்க்க வேண்டும் என்றால் என்ஜினையே பிரித்தாக வேண்டும். அதை வரைந்தவர்கள் பெரிய மேதைகள், மறுக்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கிறவனை மட்டும் அவர்கள் நினைக்கவில்லை.

டெலஹே அதே என்ஜினில் மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டர்களை மாட்டிப் பந்தயத்துக்கு அனுப்பியது. 1937-இல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தது. 1938 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களும் இந்த வண்டிக்குத்தான். ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் ஓடிய பிறகுமா கேலி?

பெரம்பூர் காயில் கடை:
கியர் கேள்விக்கு நான் சொல்கிறேன். அது கோட்டால் கியர் பாக்ஸ். விருப்பப்பட்டவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டது. சாதாரண கியர் பாக்ஸும் உண்டு. கோட்டாலின் உள்ளே எபிசைக்ளிக் கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் உருளும் வகை) தொகுதிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் நேராகவும் சுற்றும், வேகத்தைக் குறைத்தும் சுற்றும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் நான்கு வேகங்கள். எதைப் பூட்டுவது என்பதை மின்காந்தங்கள் பார்த்துக்கொள்ளும். உங்கள் சுண்டுவிரல் லீவர் வெறும் சுவிட்ச்தான். வண்டி நகரத் தொடங்கியபின் கிளட்சை மிதிக்கவே வேண்டாம். முன்னே, பின்னே என்பதற்குத் தரையில் தனி லீவர். ஆகவே பின்னோக்கியும் நான்கு வேகங்கள் கிடைக்கும்! எந்த மகானுபாவன் நான்காவது கியரில் ரிவர்ஸ் போனானோ.

வியாசர்பாடி டிங்கர்:
சொகுசு எங்கே என்று யாரும் சொல்லவில்லையே. டெலஹே கொடுத்தது சேஸிஸும் என்ஜினும்தான். பாடி கட்டுவது ஃபிகோனி ஏ ஃபலாஸ்கி, ஷப்ரோன் போன்ற பட்டறைகள். மரத்தில் கூடு கட்டி அதன்மேல் தகட்டைக் கையால் தட்டி வளைப்பார்கள். பணம் போனது அந்தக் கூலிக்கு. ஃபிகோனி சில வண்டிகளில் முன்சக்கரத்தையும் மட்கார்டுக்குள் மூடிவிட்டார். நீர்த்துளி போன்ற அந்த வளைவில் ஒரு மேடு பள்ளம் தெரியாமல் தட்டியவன் கையைக் கும்பிடலாம். ஆனால் சக்கரம் திரும்ப இடம் வேண்டாமா? மாடலுக்கு அந்தப் பாடியைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் சக்கர அச்சு தெரியாது.

தண்டையார்பேட்டை மாணவன்:
நன்றி ஐயா. பாடி இல்லாமலே செய்கிறேன். பிரான்ஸில் வலப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், அதனால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்துவிட்டேன். படங்களில் வலப்பக்கம் இருக்கிறதே, அவை இங்கிலாந்துக்குப் போனவையா?

எண்ணூர் ஃபிட்டர்:
இல்லை தம்பி, வலப்பக்கம்தான் சரி. புகாட்டி, டெலாஜ், டெலஹே என்று அக்காலத்துப் பிரெஞ்சு உயர்தர வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. மலைச்சாலையில் ஓட்டுநர் ஓரத்தைப் பார்த்தபடி போகலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஸ்டியரிங் பாக்ஸை மாற்றும்போதே முன்பக்கத்தையும் பாருங்கள்: குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பின்பக்கம் வழக்கமான அச்சும் இரண்டு பட்டை ஸ்பிரிங்கும். பிரேக்குக்கு எண்ணெய்க் குழாய் வரையாதீர்கள், கேபிள்தான்.