மறுமொழி: சைக்கிளோட்டத்தின் ‘ஒமெர்த்தா’வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் நான் வேலை செய்யும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு டூர் டி பிரான்ஸ் பற்றி ஒரு தொடர் எழுதுகிறேன். ஊக்கமருந்து பற்றிய பகுதிக்கு வந்ததும் ‘ஒமெர்த்தா’ என்ற இத்தாலியச் சொல் குறுக்கே வந்து நிற்கிறது. திரளுக்குள் நடப்பதை வெளியாருக்குச் சொல்லக் கூடாது, சொன்னவருக்கு உள்ளே இடமில்லை என்ற எழுதாத கட்டுப்பாடு அது. (ஓட்டத்தில் ஒன்றாகச் செல்லும் வீரர் கூட்டமான பெலட்டனுக்குத் ‘திரள்’ என்று இங்கேதான் முடிவெடுத்தோம். அதையே கட்டுரை முழுவதும் எழுதுகிறேன், இடறாமல் போகிறது.)

இதுவரை மௌன விதி, வாய்ப்பூட்டு, கூட்டு மௌனம் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. ஒமெர்த்தா என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளவத்தை அண்ணா, இந்த ஓட்டத்தை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறவர் நீங்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே?

* * *

அன்பின் தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும்,

என் முன்மொழிவு ‘வாய்க்கட்டு’. காரணத்தைச் சொல்ல ஓட்டத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது. யார் யாருடைய வாயைக் கட்டினார்கள் என்று பாராமல் பெயர் வைத்தால் அது பிழையான பெயராகிவிடும்.

முதலில் மௌன விதி. விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. நட்சத்திர வீரர் பேசலாம், பேசியும் இருக்கிறார். ஜாக் ஆங்கெத்தில் டூரை ஐந்து முறை வென்றவர். ஊக்கமருந்து எடுப்பதை அவர் மறைக்கவே இல்லை. வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இந்த ஓட்டத்தை ஓட முடியாது என்ற கருத்தைப் பகிரங்கமாகவே சொல்லிவந்தார். பிரான்சு 1965இல் ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டூர் நடக்கும்போது போர்தோ நகரில் முதன்முதலாகச் சோதனை செய்தார்கள். மறுநாள் வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, எதிர்ப்புத் தெரிவித்து நடந்தார்கள். 1967 ஜூலை 13ஆம் திகதி டூரின் மொன் வாந்து மலையேற்றத்தில் பிரித்தானிய வீரர் டொம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். அவர் உடலில் அம்பெற்றமைன் என்ற ஊக்கமருந்து இருந்தது. அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மிலானில் ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓடும் சாதனையை முறியடித்த ஆங்கெத்தில் அங்கே சோதனைக்குச் சிறுநீர் மாதிரி கொடுக்க மறுத்துவிட்டார். சாதனை பதிவாகவில்லை. அதனால் அவருடைய பெயர் மங்கியதா என்றால், இல்லை. பிரான்சில் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

1969இல் பெல்ஜிய நட்சத்திர வீரர் எடி மேர்க்ஸ் இத்தாலியச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது சவோனாவில் சோதனையில் பிடிபட்டார். போட்டியை விட்டு வெளியேற்றினார்கள். தான் குற்றமற்றவர் என்று அவர் அழுதார், மக்கள் நம்பினார்கள், தடை விலகியது, அந்தக் கோடையிலேயே டூரை ஏறக்குறைய 18 நிமிட வித்தியாசத்தில் வென்றார். அவர் எடுத்தாரா இல்லையா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பெரிய பெயருக்குக் கதவு திறந்த வேகத்தைத்தான் காட்டுகிறேன். பெயர் இல்லாத ஒரு துணைவீரருக்காக யார் ஓடித் திரிந்திருப்பார்கள்?

அந்தத் துணைவீரருடைய நிலையைப் பார்த்தால்தான் மௌனம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். தெருவில் நடக்கும் ஓட்டத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அணியின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் அனுசரணையாளரிடமிருந்து வருவது. அணியின் பெயரே அந்த நிறுவனத்தின் பெயர்தான். அனுசரணையாளர் போனால் அணி கலையக்கூடும். 2007இல் ரீ-மொபைல் அப்படி விலகிப் போனது, 2012இல் றபோபாங்க் போனது. நட்சத்திர வீரருக்குக் காற்றை மறைத்துக்கொடுப்பதும் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் துணைவீரருடைய வேலை. நட்சத்திரம் டூரை வென்றால் பரிசுப்பணத்தை அணிக்குள் பகிர்ந்துகொடுப்பது வழக்கம். ஆகவே தலைவரைப் பற்றி வாய் திறக்கும் துணைவீரர் தன் சம்பளத்தோடு பக்கத்தில் இருக்கும் எல்லாருடைய சம்பளத்திலும் கைவைக்கிறார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே பலருடைய வயிறு ஒருவருடைய வாயில் தங்கியிருந்தது.

இன்னொன்று. 1990களில் ஈ.பி.ஓ. வந்தது. செங்குழியங்களைப் பெருக்கி ஒட்சிசனைக் கூடுதலாகக் கொண்டுபோக வைக்கும் ஓமோன் அது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆய்வுகூடத்தால் அதை நிரூபிக்க முடியாது. மிஞ்சியது மனிதர் சொல்லும் சாட்சி மட்டும். அதனால்தான் வாயைக் கட்ட வேண்டிய தேவை அந்தக் காலத்தில் அவ்வளவு கடுமையாக இருந்தது.

இனி பாசோன். தங்கச்சி, உங்கள் தொடரில் இவருக்கு நிறைய இடம் கொடுங்கள். கிறிஸ்தோப் பாசோன் ஃபெஸ்டினா அணியில் இருந்தவர். 1998 ஜூலையில் அந்த அணியின் உதவியாளர் வில்லி வூத்தை பெல்ஜிய எல்லையில் சுங்க அதிகாரிகள் மறித்தபோது காருக்குள் ஈ.பி.ஓ. உட்பட மருந்துகள் குவிந்து கிடந்தன. பொலிஸ் விசாரணையில் சக வீரர்களே பாசோன் எதுவும் எடுக்காதவர் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு வேறு அணிக்காக டூர் ஓடினார். கூடவே ஒரு பத்திரிகையில் பத்தியும் எழுதினார். இந்த வேகம் தனக்குச் சந்தேகம் தருகிறது என்ற அளவில்தான் எழுதினார். அது அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் முதன்முறை, முதலிடத்தில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டை அணிந்து முன்னணியில் நின்ற ஆண்டு. திரளில் யாரும் பாசோனுடன் கதைக்கவில்லை. அல்ப் டுவேஸ் மலைக்குப் போகும் நாளில் மெதுவாகத் தொடங்குவது என்று மற்றவர்கள் பேசி வைத்திருந்ததை அவர் மீறி முன்னே போனார். துரத்திப் பிடித்தார்கள். ஆம்ஸ்ட்ரோங் அவருக்குப் பக்கத்தில் வந்து, இப்படி எழுதுவது ஓட்டத்துக்குக் கேடு, வீட்டுக்குப் போவது நல்லது என்று சொன்னார். இரண்டு நாளில் பாசோன் வெளியேறினார். அவருடைய சொந்த அணியும் அவர் பக்கம் நிற்கவில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கொதிக்கிறது. எந்தப் பிழையும் செய்யாத இளைஞர் தனியாகப் பெட்டி கட்டிக்கொண்டு போக, அவரை விரட்டியவர் பாரிசில் மேடை ஏறினார்.

2004இல் பிலிப்போ சிமியோனி. மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவர் தனக்கு ஈ.பி.ஓ. பற்றி ஆலோசனை தந்தார் என்று இத்தாலிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். ஃபெராரி ஆம்ஸ்ட்ரோங்குக்கும் பயிற்சி ஆலோசகர். ஆம்ஸ்ட்ரோங் சிமியோனியைப் பொய்யர் என்றார், சிமியோனி வழக்குப் போட்டார். அந்த ஆண்டு டூரின் 18ஆம் கட்டத்தில் சிமியோனி முன்னே பிரிந்து போன சிறு குழுவை எட்டிப் பிடிக்கப் போனார். பட்டியலில் வெகு கீழே இருந்தவர், அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் மஞ்சள் சட்டையில் இருந்த ஆம்ஸ்ட்ரோங் தானே எழுந்து அவரைத் துரத்திப் போனார். ஆம்ஸ்ட்ரோங் அங்கே இருக்கும்வரை திரள் தங்களை விடாது என்று அந்தக் குழுவில் இருந்தவர்கள் சிமியோனியைப் பின்வாங்கும்படி கெஞ்சினார்கள். பின்வாங்கினார். திரும்பி வந்தவரைத் திரளில் இருந்தவர்கள் ஏசினார்கள். ஆம்ஸ்ட்ரோங் கமராவைப் பார்த்து உதட்டுக்குக் குறுக்கே ஸிப் இழுப்பது போலக் கையால் காட்டினார்.

இந்தக் காட்சி பதிவில் இருக்கிறது, பாருங்கள். கட்டுகிறவர் ஒருவர், கட்டப்படுகிறவர் ஒருவர், கட்டு அவிழாமல் காவல் நிற்கும் கூட்டம் ஒன்று. சொல் இந்த மூவரையும் தாங்க வேண்டும்.

கூட்டு மௌனம் தாங்காது. பாசோனையும் ஆம்ஸ்ட்ரோங்கையும் அது ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. வாய்ப்பூட்டு நல்ல சொல்தான், ஆனால் அதைக் கேட்டதும் வாய்ப்பூட்டுச் சட்டம் நினைவுக்கு வரும். பூட்டுகிறது அரசு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். சைக்கிளோட்டத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. வாயைத் திறக்க வைத்ததுதான் அரசும் சட்டமும்: 1998இல் பிரெஞ்சுச் சுங்கம், பிறகு இத்தாலிய நீதிமன்றம், கடைசியாக 2012இல் ஆம்ஸ்ட்ரோங்கின் ஊக்கமருந்து வழக்கில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம். அங்கே 26 பேர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் 11 பேர் ஆம்ஸ்ட்ரோங்கின் பழைய அணித்தோழர்கள். பின்னர் பறிக்கப்பட்ட அவருடைய ஏழு டூர் வெற்றியிலும் கூடவே ஓடிய ஜோர்ஜ் ஹின்கேப்பியும் அதில் ஒருவர். ஒமெர்த்தா என்றே விடுவதில் எனக்குள்ள தயக்கம் வேறு: அது மாஃபியாக் கூட்டங்களோடு ஒட்டிய சொல். சம்பளத்துக்குப் பயந்து வாயை மூடிய இருபது வயதுப் பிள்ளைகளைக் குற்றவாளிக் கும்பலாக்கிவிடும்.

வாய்க்கட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல். பாம்புக்கும் நாய்க்கும் வாய்க்கட்டுப் போடுவதாக மாந்திரிகர்கள் சொல்வார்கள். போடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஊர்க்கட்டு என்பதில் வரும் ‘கட்டு’ம் இதில் ஒலிக்கிறது, மீறினால் ஊர் ஒதுக்கி வைக்கும். வினையும் இலகுவாக வரும்: வாய்க்கட்டுப் போட்டார், வாய்க்கட்டை மீறினார், வாய்க்கட்டு அவிழ்ந்தது.

* * *

அண்ணா, விளக்கம் முழுவதையும் வாசித்தேன். நோயாளிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. நீரிழிவுக்காரரிடம் நாங்கள் நாள் முழுவதும் ‘வாயைக் கட்டுங்கோ’ என்றுதான் சொல்கிறோம். வாய்க்கட்டு என்றதும் வாசகருக்கு உணவுக் கட்டுப்பாடு நினைவு வராதா? மலையேற எடையைக் குறைக்கும் வீரர்களைப் பற்றிய கட்டுரையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

அப்புறம், எல்லை எது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 டூரின்போது, டூரை வென்ற நட்சத்திர வீரர்களான போகச்சாரும் விங்ககோரும் காபனோரொட்சைட்டைச் சுவாசித்து ஈமோகுளோபின் அளவை அளக்கும் முறை பற்றி வெளிப்படையாகவே பதில் சொன்னார்கள். உலக சைக்கிளோட்டச் சம்மேளனம் 2025 பெப்ரவரியில் அந்த வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதைத் தடை செய்தது. இதுவும் வாய்க்கட்டுக்குள் வருமா? நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டார். 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது, ஆய்வுகூட முடிவு நிற்கவில்லை. இடையில் அவர் மௌனமாக இருந்த நாள்களுக்கு நாளைக்கு யாராவது இந்தச் சொல்லை ஒட்டிவிட்டால் அநியாயம்.

* * *

டொக்டர் தம்பிக்கு நன்றி. இரண்டாவது கேள்வி முக்கியமானது, அதை முதலில் எடுக்கிறேன்.

காபனோரொட்சைட்டு விவகாரம் வாய்க்கட்டுக்குள் வராது. நிருபர் கேட்டார், நட்சத்திர வீரர் பதில் சொன்னார், சம்மேளனம் விதியை மாற்றியது. அது சரியா பிழையா என்பது தனி விவாதம், ஆனால் யாருடைய வாயும் கட்டப்படவில்லை. பத்திரிகையாளர் கேட்கிறார், வீரர் பதில் சொல்கிறார் என்பதே ஆம்ஸ்ட்ரோங் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். குசல் பெரேரா கதையிலும் தம்பி சொல்வதுதான் நியாயம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கு முடியும்வரை பேசாமல் இருப்பது அவருடைய உரிமை. அதற்கு ‘மௌனம்’ என்ற சொல்லே போதும். வாய்க்கட்டு என்றால் இன்னொருவர் பேசுவதைத் தடுப்பது மட்டும்தான். இந்த வரம்பை வரையறையிலேயே எழுதிவிடுவோம்.

உணவு விடயத்தில் எனக்கு அவ்வளவு பயமில்லை. ‘வாயைக் கட்டு’ என்று வினையாகச் சொல்லும்போதுதான் சாப்பாடு வருகிறது, அதுவும் தன் வாயைத் தானே கட்டுவது. ‘வாய்க்கட்டுப் போட்டார்’ என்றால் யாரும் பத்தியச் சோறு என்று எண்ண மாட்டார்கள். ஆனாலும் எடைக்குறைப்பைப் பற்றி எழுதும் பந்தியில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அங்கே ‘உணவுக் கட்டுப்பாடு’ என்றே எழுதலாம்.

நம் குழுமத்தின் சொற்பட்டியலுக்கான பதிவு இது:

வாய்க்கட்டு: ஒரு விளையாட்டுக்குள் நடக்கும் முறைகேட்டை, குறிப்பாக ஊக்கமருந்துப் பாவனையை, வெளியே சொல்லவிடாமல் செல்வாக்குள்ளவர்கள் மற்றவர்மீது போட்டு, கூட்டத்தைக் கொண்டு காக்கும் எழுதாத தடை. தன் வழக்கைப் பற்றித் தானே பேசாதிருத்தல் இதில் அடங்காது. எடுத்துக்காட்டு: 2004இல் சிமியோனி திரளின் வாய்க்கட்டை மீறியவராக நடத்தப்பட்டார்.

தங்கச்சி, கட்டுரையில் முதல் தடவை வரும் இடத்தில் ‘ஒமெர்த்தா எனப்படும் வாய்க்கட்டு’ என்று எழுதிவிடுங்கள், பிறகு வாய்க்கட்டு மட்டும் போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதினால், சேர்க்க வேண்டியதைச் சேர்த்துப் பட்டியலில் ஏற்றுகிறேன்.