கனடாவின் கார்பன் வரி ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி:
கார்பன் விலைக்குச் சொந்தத் திட்டம் இல்லாத மாகாணங்களில் எரிபொருள் மீது கனடா நடுவண் அரசு 2019இல் விதித்த கார்பன் வரி, வெளியாகும் கரியமில வாயு டன் ஒன்றுக்கு 20 கனடிய டாலரில் தொடங்கி 2024இல் 80 டாலரை எட்டியது. 2025 ஏப்ரல் 1 அன்று நுகர்வோர் மீதான அந்த வரி நீக்கப்பட்டது. வசூலில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடும்பங்களுக்கே திரும்பச் சென்றபோதும் மக்கள் அதை ஏன் வெறுத்தார்கள்? வரியே தவறா, நடத்திய விதம் தவறா?

மறுமொழி 1:
நடத்திய விதமே தவறு என்பேன். லிட்டருக்கு 17.6 சென்ட் வரியை மக்கள் ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் உணர்ந்தார்கள். ஒன்ராறியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2024இல் ஆண்டுக்கு 1,120 டாலர் கிடைத்தும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேர்ந்த அந்தத் தொகை எதற்காக வந்தது என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2022 வரை அது வருமான வரிக் கணக்கோடு கலந்தே வந்தது.

மறுமொழி 2:
விளம்பரக் குறைவு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் வீட்டைச் சூடேற்றும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு அளித்தார்கள். அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருந்த அட்லாண்டிக் மாகாணங்கள் அதனால் பயன்பெற, எரிவாயுவால் சூடேற்றும் மேற்கின் சமவெளி மாகாணத்தவர்கள் முழு வரியையும் கட்ட வேண்டியிருந்தது. எதிலிருந்து வந்தாலும் ஒரு டன் புகைக்கு ஒரே விலை என்பதுதான் இந்த வரிக்கான நியாயம். அதை அரசே கைவிட்டபின் மற்றவர்களை எப்படிக் கட்டச் சொல்வது? சொந்தத் திட்டம் வைத்திருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இல் டன்னுக்கு 10 டாலரில் தொடங்கியபோது, அதற்கு ஈடாக வருமான வரியையும் நிறுவன வரியையும் குறைத்தது. அங்கு வரி பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனால் 2017க்குப் பின் அந்த ஈடுகட்டும் கடப்பாட்டை மாகாண அரசு கைவிட்டது, 2025இல் நடுவண் வரி நீங்கிய அதே நாளில் அந்த வரியும் நீங்கியது.

மறுமொழி 3:
இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயினும் மாற்று வழி இல்லாத இடத்தில் விலையை உயர்த்தினால் மக்கள் கோபம்தான் கொள்வார்கள். சுவீடன் 1991இல் வரி விதித்தபோது, நகரங்களில் பொதுக் குழாய்வழி வெப்ப வழங்கல் ஏற்கெனவே இருந்தது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை விட்டு மரக்கழிவுக்கு மாற அந்த நிலையங்களால் முடிந்தது. பேருந்தே வராத கனடிய ஊரில் காரை விட்டுவிட்டு ஒருவர் எதில் போவார்? இன்னொன்று, பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை கனடாவில் இன்னும் நீடிக்கிறது. நுகர்வோர் வரி போனதோடு எல்லாமே முடிந்தது என்று பேசுவது பிழை. அந்த விலையைத் தளர்த்த இனி வரும் அழுத்தத்தையே நாம் கவனிக்க வேண்டும்.