ஆழ்ந்த பொடிப்பனியில் டர்போ ஸ்கீ-டூ சம்மிட் எப்படி?

கேள்வி:
கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைகளில் ஓட்டுவதற்காக 850 இ-டெக் டர்போ ஆர் எஞ்சின் கொண்ட ஸ்கீ-டூ சம்மிட் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வாங்க எண்ணியிருக்கிறேன். இடுப்பளவு பொடிப்பனியில் டர்போவினால் உண்மையாகவே பயன் உண்டா? 154 அங்குல ட்ராக் (வண்டியை உந்தும் பட்டை) போதுமா, 165 வேண்டுமா?

பதில் 1:
உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். 165 குதிரைத்திறன் 7,000 அடியில் 130 அளவுக்கு இறங்கிவிடும். டர்போ காற்றை அழுத்திச் செலுத்தி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. தாழ்வான காடுகளிலேயே சுற்றுபவருக்கு டர்போவுக்கான கூடுதல் விலை வீண் என்பேன்.

பதில் 2:
எடையைப் பரந்த பரப்பில் தாங்குவதால் 165 அங்குல ட்ராக் செங்குத்தான ஏற்றத்தில் நன்றாக மிதக்கும். மரங்களுக்கிடையே வளைத்துத் திருப்ப 154 எளிது. எதுவானாலும், வண்டி முன்னேறாமல் பின்பகுதி அமிழத் தொடங்கியதும் த்ராட்டிலை விட்டுவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால், ட்ராக்கின் 3 அங்குலப் பற்கள் நொடிகளில் பள்ளம் தோண்டி, வண்டியைத் தலைதூக்கி நிற்க வைத்துவிடும். பிறகு முன்புறப் பனியை மிதித்து இறுக்கி, பக்கவாட்டில் உருட்டித்தான் மீட்க வேண்டும். நிறுத்தும்போது முகப்பு இறக்கத்தை நோக்கி இருக்கட்டும்.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். ட்ராக் வாரியடிக்கும் பனியே குளிர்விப்பானைக் குளிர்விப்பதால், பொடிப்பனியில் எஞ்சின் சூடேறுவதில்லை. இறுகிய பாதையில்தான் சூடேறும், அங்கே பனியைக் கீறிக் குளிர்விப்பான்மேல் தெறிக்கவிடும் கம்பிகளை இறக்கிவிடுங்கள். டர்போ உங்களை எளிதில் ஏற்றிவிடும் சரிவுகளே பனிச்சரிவு அபாயமுள்ளவை என்பதால், புறப்படுமுன் பனிச்சரிவு முன்னறிவிப்பு அமைப்பான அவலான்ச் கனடாவின் முன்னறிவிப்பைப் பாருங்கள்.