வாந்தியே வராத எலியை வைத்து கீமோ வாந்தியை ஆராய்வது சரியா?

மலர்விழி:
அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் கீமோ மருந்தை ஏற்றிய அன்று, வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரானை முன்கூட்டியே போட்டதால் வாந்தி இல்லை. மூன்றாம் நாள் ரசத்தைத் தாளிக்கும் வாசனைக்கே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அன்றும் வாந்தி இல்லை, குமட்டல்தான். எலிக்கு வாந்தியெடுக்கவே முடியாதாம். பிறகு எதற்கு அதற்கு கீமோ ஊசி? நிறுத்த வேண்டும் என்பேன்.

கதிரவன்:
எலிக்கு வாந்தி வராது, உண்மை. ஆனால் சிஸ்பிளாட்டின் போட்டால் தீவனத்தை ஒதுக்கிவிட்டு, கூண்டில் வைத்த கயோலின் களிமண்ணைக் கொறிக்கும். அதைக் குமட்டலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, எவ்வளவு தின்றது என்று எடைபோட்டுப் பார்ப்பார்கள். அப்புறம், எலி மட்டுமா இருக்கிறது? கீரி மாதிரி இருக்கும் ஃபெரெட் நம்மைப் போலவே வாந்தியெடுக்கும். கீமோ பட்டதும் குடல் செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன, வேகஸ் நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. செரட்டோனின் போய் ஒட்டும் இடமான ஏற்பியை அடைத்தால் வாந்தி நிற்கும் என்பது 1980-களில் ஃபெரெட்டில் தெளிவானது. 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒண்டான்செட்ரான் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் அம்மாவின் முதல் நாளைக் காப்பாற்றியது அது.

சுப்பு:
நம் வீட்டு மூஞ்சூறும் இதில் உண்டு! பெயரில் எலி மாதிரி, ஆனால் கொறிக்கும் இனமே இல்லை. வாந்தியெடுக்கும், ஆட்டினால்கூட எடுக்கும். ஜப்பானில் 1980-களிலேயே அதை வைத்து ஆராய்ந்தார்கள்.

மலர்விழி:
முதல் நாளுக்கு நன்றி சொல்கிறேன். நான் கேட்பது மூன்றாம் நாளை. மண் தின்றால் குமட்டல் என்று எலி சொன்னதா? வாந்தியை எண்ணலாம், குமட்டலை நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. ஓலன்சபைன் மனநோய் மருந்து. குமட்டலைக் குறைக்கிறது என்று 2016-இல் வந்த பெரிய ஆய்வில் சொன்னவர்கள் கீமோ எடுத்த மனிதர்கள்.

கதிரவன்:
ஓலன்சபைன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மூன்றாம் நாளையும் விலங்கில் பார்க்கிறார்கள். ஃபெரெட்டுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் கொடுத்து, 72 மணி நேரம் கவனிப்பார்கள். 2003-இல் வந்த அப்ரெபிட்டன்ட் என்ற வாந்தித் தடுப்பு மருந்து அங்கே தேறியது. அது அடைக்கும் ஏற்பி வேறு. எலியிடம் உள்ள அந்த ஏற்பியில் அது சரியாக ஒட்டாது, எலியை மட்டும் நம்பியிருந்தால் கைவிட்டிருப்பார்கள்.

மலர்விழி:
அதுவும் வாந்திக் கணக்குதானே? மனிதர்களிடம் நடக்கும் பல சோதனைகளிலும் வாந்தி இல்லை, கூடுதல் மருந்து கேட்கவில்லை என்றால் ‘முழுப் பலன்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். குமட்டல் அந்தக் கணக்கில் சேராது. அம்மா ஐந்து நாள் கஞ்சிகூடக் குடிக்காமல் கிடந்தார். அந்தக் கணக்குப்படி அவருக்கு முழுப் பலன். ஃபெரெட்டை விடுங்கள், முதலில் இதை மாற்றச் சொல்லுங்கள்.

கதிரவன்:
இதில் நான் உங்கள் பக்கம். அடுத்த சுற்றுக்கு முன், ‘வாந்தி இல்லை, குமட்டல் ஐந்து நாள்’ என்று டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.