கணினியிலிருந்து பழைய பிரீஅம்புக்கு: சமிக்ஞை மட்டத்தைப் பொருத்துவது எப்படி?

கடற்கரைத்தெரு
வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் குடியிருக்கிறேன். அப்பா 1970களின் இறுதியில் வாங்கிய பிரீஅம்பையும் (சத்தத் திருகி உள்ள முன்பெருக்கி) பவர் அம்பையும் (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) சென்ற மாதம் துப்புரவாக்கி, கணினியின் பச்சை நிற ஒலி வெளியீட்டுத் துளையிலிருந்து பிரீஅம்பின் ஓக்ஸ் (வெளிக்கருவிகளுக்கான) உள்ளீட்டுக்கு வயர் கொடுத்தேன். சத்தத் திருகியை ஒரு மயிரிழை நகர்த்தினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. அதற்கும் கீழே குறைத்தால் இடப்பக்கம் அடங்கிப்போய் வலப்பக்கம் மட்டும் பாடுகிறது. கணினியில் சத்தத்தை மிகவும் குறைத்துவிட்டுத் திருகியை நடுவரை கொண்டுபோனால் இரு பக்கமும் சமமாகக் கேட்கின்றன. ஆனால் பாட்டுகளுக்கு இடையில் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழுகிறது. கையேட்டில் ஓக்ஸ் உள்ளீட்டுக்கு 150 மில்லிவோல்ட், 50 கிலோ ஓம் என்று இருக்கிறது. அம்ப் பழுதாகிவிட்டதா?

ஈயப்பற்று
தம்பி, அப்பாவின் அம்பில் பிழை இல்லை. தயவுசெய்து அதைத் திறக்க வேண்டாம். 150 மில்லிவோல்ட் என்பது, திருகியை முழுவதும் திறந்தால் அம்ப் தன் முழு வலுவையும் வெளியிடப் போதுமான அளவு. அக்காலத்துக் கசற் டெக்கும் வானொலி ரியூனரும் கொடுத்தது சில நூறு மில்லிவோல்ட்தான். 1982இல் சிடி வந்த பிறகே 2 வோல்ட் வெளியீடு வழக்கமாயிற்று. கணினிகள் பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கும்.

உங்கள் கணினி எவ்வளவு கொடுக்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 60 ஹேர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சீரான தனி ஒலி) முழு மட்டத்தில் உருவாக்கி, கணினியின் சத்தத்தையும் முழுவதும் கூட்டி, மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து வயரின் முனையில் பிடியுங்கள். அந்த நேரத்தில் அம்ப் இணைந்திருக்கக் கூடாது. 1000 ஹேர்ட்ஸில் அளக்க வேண்டாம், மலிவான மீற்றர்கள் அங்கே பிழையாகக் காட்டலாம்.

கொட்டாஞ்சேனை வானொலி
கணினியில் ஒலி அமைப்பை 24 பிற்றுக்கு மாற்றினால் இரைச்சல் போய்விடும் அல்லவா?

ஈயப்பற்று
இங்கே போகாது. 16 பிற்றிலேயே மிகப் பலத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு. அவருக்குக் கேட்கும் இரைச்சல், பெரும்பாலும் ஒலியட்டையின் வெளியீட்டுச் சுற்றில் பிறப்பது. மென்பொருளில் சத்தத்தைக் குறைக்கும்போது பாட்டு மட்டும் தாழ்கிறது, இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு பிரீஅம்ப் இரண்டையும் சேர்த்து உயர்த்திவிடுகிறது. ஆகவே குறைப்பதை ஒலியட்டையைத் தாண்டிய பிறகு குறைக்க வேண்டும், அப்போதுதான் பாட்டோடு இரைச்சலும் தாழும். இடப்பக்கம் அடங்குவதற்குக் காரணம் வேறு: திருகிக்குள் இருக்கும் இரண்டு கரித்தடங்களும் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அரிது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஒவ்வொரு பக்கத்துக்கும் 4.7 கிலோ ஓம் தடையி ஒன்றைத் தொடராகவும், அதற்கு அப்பால் சமிக்ஞைக்கும் தரைக்கும் இடையே 2.2 கிலோ ஓம் தடையி ஒன்றையும், அம்புக்குப் போகும் ஆர்சிஏ பிளக்கின் அருகிலேயே பற்றவையுங்கள். 50 கிலோ ஓம் உள்ளீட்டோடு சேர்ந்து ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். மட்டத்தைச் சரியாக 150 மில்லிவோல்ட்டுக்கே இறக்கிவிடாதீர்கள். குறைந்த சத்தத்தில் பதிவான பழைய பாட்டுகளுக்குத் திருகியில் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும்.

தெகிவளைச் செவி
இணைத்த பின் 50 ஹேர்ட்ஸ் உறுமல் கேட்டால், மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது புவித்தொடுப்பு வளையம், அதாவது இரு கருவிகளின் புவித்தொடுப்புகளும் ஒலி வயர் வழியே ஒரு வளையமாக இணைந்துவிடுவது. நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஓடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் ஒன்றை இடையில் வைக்கலாம். எக்காரணம் கொண்டும் மின்சார பிளக்கின் புவிமுனையைக் கழற்றாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் செய்து, அம்பின் உலோக உடலைத் தொட்டபோது கையில் அடித்தது.

கசற்றுகளைக் கணினியில் பதிய எண்ணமிருந்தால், அம்பின் டேப் அவுட்டிலிருந்து (பதிவுக்கான வெளியீடு) கணினியின் நீலத் துளைக்குக் கொடுங்கள். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. அங்கே கொடுத்தால் ஒலி கிழிந்து கேட்கும்.

கடற்கரைத்தெரு
அண்ணா, மீற்றர் 1.1 வோல்ட் காட்டியது. சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சதவீதத் துல்லியமுள்ள தடையிகள் வாங்கி வந்து, சொன்னபடியே பற்றவைத்தேன். கணினியின் சத்தத்தை முழுவதும் திறந்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு, திருகி மணிக்கூட்டு முகத்தில் ஒன்பது இருக்கும் இடத்தில் நிற்க, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாடின. பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். வெளியே கடல்தான் கேட்டது.