அந்த வார்த்தை வேண்டாம் மாமா

மயிலாப்பூர் மாமா: நேற்று காதுகுத்துக்கு எல்லோரும் வந்ததில் ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு குறை, வேளச்சேரிப் பையன் வந்ததிலிருந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான், வாடா என்றால் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். பத்தாவது படிக்கிற பிள்ளை இப்படி ஆன்டிசோஷியலாக இருந்தால் நாளைக்கு எப்படிப் பிழைப்பான்?

வேளச்சேரி அக்கா: மாமா, அவனும் இந்த குரூப்பில் இருக்கிறான்.

பெரம்பூர் சித்தி: அண்ணா, இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், அந்த வார்த்தையே தப்பு. பேப்பரில் 'சமூக விரோதிகள்' என்று போடுவார்களே, ஆன்டிசோஷியல் என்றால் அதுதான். மனநல மருத்துவத்தில் இன்னும் கனமான சொல். பொய், ஏமாற்று, அடிதடி, அடுத்தவருக்குக் கெடுதல் செய்துவிட்டு மனசு உறுத்தாமல் இருப்பது, இதெல்லாம் வருஷக்கணக்காகத் தொடர்ந்தால்தான் அந்தப் பெயரில் ஆளுமைக் கோளாறு என்பார்கள், அதுவும் 18 வயது ஆன பிறகுதான். கூட்டம் பிடிக்காமல் ஒதுங்குகிற பிள்ளைக்கு இதையா சொல்வது?

மயிலாப்பூர் மாமா: ஆபீஸில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். சரி, வேறு என்ன சொல்வது?

பெரம்பூர் சித்தி: கூச்ச சுபாவம் என்று சொல்லுங்கள், போதும். தனியாக இருப்பதே பிடித்தவர்களை அசோஷியல் என்பார்கள், அது வேறு. பி.எட். பாடத்தில் அட்ஜஸ்ட்மென்டுக்குப் பொருத்தப்பாடு என்று ஒரு சொல் வரும், பிள்ளையும் சுற்றியுள்ள சூழலும் ஒத்துப்போவது என்று அர்த்தம், அது சரியாக அமையாததுதான் மாலட்ஜஸ்ட்மென்ட். அதிலும் குறை முழுக்கப் பிள்ளையுடையது இல்லை. செருப்பு கடித்தால் காலையா திட்டுகிறோம்?

மயிலாப்பூர் மாமா: வள்ளுவரே 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்றாரே அம்மா.

பெரம்பூர் சித்தி: 140ஆவது குறள், ஒழுக்கமுடைமை அதிகாரம். உயர்ந்தோர் நடந்த வழியில் நடப்பது என்றுதான் பரிமேலழகர் உரை சொல்கிறார். விசேஷ வீட்டில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்: மாமா, பந்தியில் நான் அவனுக்கு எதிர் வரிசை. பாட்டிக்குப் பல் இல்லை என்று யாரும் சொல்லாமலே அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கிப் பாயசத்தில் ஊறப் போட்டான், பாட்டி சாப்பிட்டு முடிக்கும்வரை தன் இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தபடியே இருந்தார்கள். நாம் அத்தனை பேரும் அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

வேளச்சேரி அக்கா: வீட்டிலும் அப்படித்தான். நான்தான் பயந்துபோய் டாக்டரிடம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் சித்தி.

பெரம்பூர் சித்தி: தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் போவது இதில் ஏதாவது கெட்டாலோ, பேச ஆசை இருந்தும் பயத்தில் முடியாமல் தவித்தாலோ கட்டாயம் காட்டு, அதில் வெட்கமே வேண்டாம். மற்றபடி அவனையே கேள்.

மயிலாப்பூர் மாமா: அந்த மெசேஜை அழித்துவிட்டேன். தப்பு என்மேல்தான். ராத்திரி அவனுக்கு போன் பண்ணுகிறேன்.

வேளச்சேரி அக்கா: போன் வேண்டாம் மாமா, எடுக்கக் கூச்சப்படுவான். தனியாக மெசேஜ் போடுங்கள், பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவான்.